கடைசி விரற்கடை

மூதூரில் இருந்து முதல் பஸ்ஸில் வந்த ஸுல்பிகா, மடியில் வைத்திருந்த பொதியை மேசையில் இறக்கி, சுற்றியிருந்த பழைய சாரத் துணியை மெல்லப் பிரித்தபோது, கிறிஸ்தோபருக்குக் கை நீட்ட மனம் வரவில்லை. கறுப்பு இசைத்தட்டு. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கறையான் தின்று தீர்த்திருந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தியது. அவருடைய அம்மா எமிலியாள் பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய்ப் பாடிக் கொடுத்தது. அப்படித்தான் அம்மா சொல்லியிருந்தாள். அப்படித்தான் அவரும் இந்த எழுபத்தைந்து வயது வரைக்கும் பாலையூற்று முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"எங்கட மாமனார்ர வாப்பா தேத்தண்ணிக்கடை வச்சிருந்தவர். சனத்தைக் கூட்டுறதுக்கு இதைத்தான் போடுவாராம்," என்றாள் ஸுல்பிகா. "மற்றப் பக்கம் தேஞ்சு போச்சு, இந்தப் பக்கம்தான் ஓடும். நாளைக்குக் கடைசிமட்டும் விட்டுக் கேக்க வேணும் அண்ணன். பாதியில ஊசியத் தூக்க வேணாம். பாடி முடிஞ்சா பேரும் சொல்லுவாங்கதானே, அந்தக் காலத்தில."

"நீங்கள் கேட்டனீங்களோ தங்கச்சி?"

அவள் சிரித்தாள். "நாளைக்கு எல்லாருமாக் கேப்பமே."

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவருடைய மடியில் ஐம்பது வருஷக் கனம் இருந்தது. ஸ்பீக்கர் சேர்விஸ் வைத்துத் திருமலை முழுக்கக் கலியாணம், பெருநாள் என்று பாட்டுப் போட்டுத் திரிந்த காலத்திலேயே அவருக்குப் 'பாட்டுக்காரியின்ர மகன்' என்றுதான் பெயர். இப்போது பங்கு மண்டபத்தில் புதிதாகக் கட்டிய மேடைக்கு எமிலியாள் அரங்கு என்று பெயர் வைக்கப்போகிறார்கள். நாளை ஞாயிறு, பூசை முடிந்ததும் திறப்பு. மகள் சீலா பேப்பரில் விளம்பரம் போட்டு இந்தத் தட்டைத் தேடித்தான் ஸுல்பிகா அகப்பட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பாடியது மூத்தவள் றெஜினாள், பெயர் எடுத்தது இளையவள் என்று ஒரு கதை அந்த நாளிலிருந்தே உண்டு. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்துதான் கொழும்புக்குப் போனார்கள். திரும்பி வந்த ஆறாம் மாதம் றெஜினாள் காய்ச்சலில் செத்துப்போனாள். செத்தவள் வந்து சாட்சி சொல்லவா போகிறாள் என்று ஒருவன் செத்தவீட்டில் வைத்துச் சிரித்தபோது, கிறிஸ்தோபர் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்துவிட்டார். ஊரை அப்படி அடக்கலாம், தன்னை என்ன செய்வது? அம்மா ஒரு வரி பாடி அவர் கேட்டதில்லை. கோயிலில் சனமெல்லாம் பாடும்போது அம்மாவின் வாய் மட்டும் மூடியிருக்கும். பேத்தியைத் தொட்டிலில் போட்டுக்கூட ஒரு தாலாட்டு வரவில்லை. ஒரு தரம் கேட்டார். "அது முடிஞ்ச கதை மோனை," என்று சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மத்தியானம் சீலா ஸுல்பிகாவைச் சாப்பிட வைத்து, மண்டபத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் கிறிஸ்தோபரும் தட்டும் மட்டும். துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் நீளமாக ஒரு முறை ஊதி நின்றது. அதன் பிறகு காகம்கூடக் கத்தவில்லை. இரவல் வாங்கிய கிராமபோன் பெட்டி மண்டபத்தில் இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம். அவர் போகவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தபின் அம்மாவின் படத்துக்கு எந்த முகத்தோடு மெழுகுதிரி கொளுத்துவது?

அலுமாரியைத் திறந்தார். இன்சுலின் ஊசி போடுவதற்கு வைத்திருந்த ஸ்பிரிட் போத்தலும் பஞ்சும் இருந்தன. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முதலாளியின் பழைய தட்டை ஸ்பிரிட்டால் பளிச்சென்று துடைத்துக் கொடுத்து, பாட்டே கரைந்துபோய், அறை வாங்கியவர் அவர். இந்த அரக்குத் தட்டுகளுக்கு ஸ்பிரிட் நஞ்சு என்பது சீலாவுக்குத் தெரியாது, ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

தட்டை யன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தார். மயிர் போன்ற கோடுகள் சுற்றிச் சுற்றி உள்ளே போய் முடிகிற இடத்தில் ஒரு விரற்கடை அகலம். பேர் அதற்குள்தான் இருக்கும். பாட்டு இருக்கட்டும், பேர் மட்டும் வேண்டாம். பஞ்சை நனைத்து வட்டமாகத் தேய்த்தார். பஞ்சு கறுத்தது. இன்னொன்று எடுத்தார், அதுவும் கறுத்தது. "உங்களுக்காகத்தான் அம்மா," என்று வாய்விட்டுச் சொன்னார். அது பொய் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. முன்வரிசையில் கிறிஸ்தோபர், பக்கத்துக் கதிரையில் ஸுல்பிகா. பங்குச் சுவாமி நாடாவை வெட்டினார். சீலா பெட்டியை முறுக்கி, ஊசியை மெல்ல இறக்கினாள். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெட்டையின் குரல் கூசாமல் மேலே ஏறியது. கிறிஸ்தோபர் கதிரையின் நுனிக்கு வந்தார். சின்ன வயதில் விளையாட்டில் நின்றவரை அம்மா கேற்றடியில் நின்று சோறு தின்னக் கூப்பிடுகிற குரல். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே குரல் இருக்கும்தானே என்று மனதை அதட்டினார்.

ஸுல்பிகா அவர் பக்கம் சரிந்தாள். கண் கலங்கியிருந்தது. "போன கிழமை மகள் ஜுமானா ஒரு பெட்டி கொண்டுவந்து போட்டவ அண்ணன். கேட்டு அழுதுபோட்டன். 'எமிலியாள், திருக்கோணமலை' எண்டு என்ன துணிவாச் சொல்லுறாங்க உங்கட உம்மா! போன்ல பிடிப்பம் எண்டு ஜுமானா நிண்டவ. மகன்தான் முதல்ல கேக்க வேணும் எண்டு நான் விடல்ல."

அவர் எழும்பப் பார்த்தார்.

"இருங்க அண்ணன், இனித்தான் வரப்போகுது."

பாட்டு முடிந்தது. கை தட்டப் போனவர்களைச் சீலா விரலை உதட்டில் வைத்து அடக்கினாள். மண்டபம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. மினுங்கிக்கொண்டிருந்த கறுப்பு முடிந்து, மங்கிப்போன அந்த வளையம் சுழன்று சுழன்று வர, ஊசி அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.