சிவக்காத ஸ்ட்ராபெரி

ஒன்பது வருஷமாக வெள்ளை ஸ்ட்ராபெரி, வெள்ளை ஸ்ட்ராபெரி என்று உயிரை விட்டுக்கொண்டிருந்த தெருவார் பழக்காரம்மா என்று கூப்பிடும் விஞ்ஞானியின் ஆறு செடிகளிலும் அன்று காலை பழங்கள் ஜோராகச் சிவந்திருந்தன. மறுநாள் பணம் தருகிற கமிட்டி வருகிறது. ஒரு வெள்ளைப் பழமாவது காட்டாவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள்.

சிவப்பேற்றும் மரபணு தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் பழுதாக வந்த நாற்றுதான் வெள்ளையாகப் பழுக்கும். நாலுக்கு ஒன்று தேறும். இருபத்துநாலு நாற்றுகளின் இலையைக் கிள்ளிப் பரிசோதித்துத்தான் ஆறை வைத்துக்கொண்டாள். பரிசோதனையில் தப்பே இல்லை. தப்பு வாசலில் நடந்தது. இலை கிள்ளிய பிறகு நாற்றுத் தட்டைக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோகும்போது, கதவு குறுகல் என்று அவளே திருப்பிப் பிடித்திருக்கிறாள். முதல் நாற்று கடைசியாகிவிட்டது! வரிசை எண்ணை நம்பி அவள் வைத்துக்கொண்டது ஆறும் சிவக்கிற செடி. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

"என்னங்க, மிச்சம் பதினெட்டை என்ன பண்ணீங்க?"

"தெருவுக்கே தானம் பண்ணிட்டேனே," என்றார் தையல்காரக் கணவர், பெருமையாக.

இருவரும் வீடு வீடாக ஓடினார்கள். பெரும்பாலான வீடுகளில் சிவப்பு. முடிதிருத்துகிறவர், "பழுக்கவே மாட்டேன்னுச்சு, பிடுங்கி எறிஞ்சுட்டேன்" என்றார். இன்னும் நாலு வீட்டில் அதே கதை.

கடைசி வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவி இவளைக் கண்டதும் சண்டைக்கு வந்தாள். "நல்ல செடி குடுத்தீங்க போங்க! மூணு வாரமா உரம் போட்டுச் சாகறேன், இந்தச் சனியன் சிவக்கவே மாட்டேங்குது!"

ஒரே ஒரு பழம். பால்வெள்ளை, தொட்டால் மெத்தென்று இருந்தது. பழக்காரம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டாள்.

மறுநாள் கமிட்டித் தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது காய்தானேம்மா?"

"சாப்பிட்டுப் பாருங்க சார்!" ரோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. ஓரமாகக் கடிப்பார் என்று நினைத்தாள். மனிதர் முழுசாக வாயில் போட்டு, கண்ணை மூடி, ரசித்து விழுங்கினார்.

உறுப்பினர் ஒருவர் கேமராவோடு ஓடிவந்தார். "சார், அறிக்கைக்கு ஒரு போட்டோ... பழம் எங்கே?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். இன்னும் ஒரு வருஷம் குடுத்தாச்சுன்னு எழுதுய்யா."