கறவை மாடு எங்கே?

“மாடு எங்கேம்மா?”

வாசலில் கோப்போடு நின்றவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கன்னியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தாள்.

மேனாம்பேட்டின் அந்த ஒற்றை அறை வாடகை வீட்டில் மாடு இல்லை. எப்போதும் இருந்ததில்லை. போன வருடம் கணவன் கஜபதிக்கு நெஞ்சு அடைத்து, தனியார் ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன். மகளிர் குழு மூலம் வங்கியில் எண்பதாயிரம் வாங்கினாள். வைத்தியத்துக்கு என்றால் தரமாட்டார்கள். தொழிலுக்கு என்றால் தருவார்கள். அதனால் ‘கறவை மாடு வாங்க’ என்று எழுதி, குழுவின் பத்துப் பெண்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இப்போது மாட்டைப் பார்க்க ஆள் வந்துவிட்டார்!

“மேயப் போய்க்கீது சார்.”

தாலுகா ஆபீசிலிருந்து வந்த ரகுநாதன் தெருவைப் பார்த்தார். ஒரு பக்கம் அபார்ட்மென்ட், மறுபக்கம் லேத் பட்டறை.

“இங்கே எதை மேயும்? இரும்புத் தூளையா?”

“ஏரிக்கரைக்கு ஓட்டிகினு போயிருக்காங்க சார். ரெண்டு லிட்டர் பால் குடுக்குது.”

ரகுநாதன் பேனாவை மூடினார். “அப்ப மாடு நிஜம். மனுதான் பொய்.”

“எந்த மனு?”

“உங்க வீட்டுக்காரர் முகாம்ல குடுத்தது. ஆஸ்பத்திரி செலவுக்கு வாங்கின கடனை அரசாங்கமே அடைக்கிற திட்டம். பேங்க் பேப்பர்ல மாட்டுக் கடன்னு இருக்கு, அதான் கேட்டேன். மாடு இருந்தா இது மருத்துவக் கடன் இல்லையேம்மா. ‘தகுதி இல்லை’ன்னு எழுத வேண்டியதுதான்.”

கன்னியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். மதியம் வரை எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங். சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவல். ஒரு வருடமாக எல்லாம் அந்தத் தவணைக்காகத்தான்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பத்துப் பேரும் பொய்க் கையெழுத்துக்காரிகள். அடுத்த மாதம் குழுத் தலைவி ரேணுகாவுக்குத் தையல் மெஷின் கடன் வர வேண்டியிருந்தது.

“மாடு கீது சார். அவரு தெரியாம எழுதிட்டாரு.”

“கன்னி!”

உள்ளே படுத்திருந்த கஜபதி எழுந்து வந்தான். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். கழுத்துக்குழியிலிருந்து மேல்வயிறு வரை ஒரே தழும்பு.

“இதான் சார் அந்த மாடு. நல்லா பாத்துக்கோங்க.”

“யோவ், இன்னாய்யா பண்றே? எல்லாரும் மாட்டிக்குவாங்க!”

“உன் கையப் பாருமே. பாத்திரம் தேச்சு தேச்சு தோலு உரிஞ்சு கீது. அதப் பாத்துகினு நான் படுத்துகினே இருக்கணுமா?”

சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து ரேணுகா ஓடி வந்தாள். அவள்தான் குழுத் தலைவி என்று தெரிந்ததும் ரகுநாதன் அவளிடம் நிதானமாகச் சொன்னார்.

“ஒரு வழி இருக்கும்மா. மாடு வாங்கல, மொத்தமும் ஆஸ்பத்திரிக்குத்தான் போச்சுன்னு பத்துப் பேரும் எழுதிக் குடுக்கணும். ஆனா உங்க குழுவோட அடுத்த லோன் நின்னு போகலாம். எத்தனை மாசம்னு தெரியாது.”

“பேப்பர் வெச்சிருக்கீங்களா சார்?” என்றாள் ரேணுகா.

“வேணாம் ரேணு! உன் மெஷினு...”

“மெஷினு கடையிலயேதான் கீது. எங்கியும் ஓடாது. நீ சும்மா இரு.”

அரை மணி நேரத்தில் வாசலில் எட்டு ஜோடிச் செருப்புகள் சேர்ந்தன. “ஏண்டி, ரெண்டு லிட்டர் பாலாமே? ஒரு டீயாச்சும் போடுடி!” என்றாள் கமலம், கையெழுத்தைப் போட்டபடியே. சிரிப்பில் ரகுநாதனும் கலந்துகொண்டார்.

கடைசியாகத் தாள் கன்னியம்மாளிடம் வந்தது. எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெயரை எழுதினாள்.

“கடன் தள்ளுபடி ஆயிடுமா சார்?”

“முடிவு மேலேதான். நான் பாத்ததை அப்படியே எழுதறேன்.”

எல்லோரும் போனபின் கன்னியம்மாள் மண்டபத்துக்குப் போகும் பையை எடுத்தாள். கஜபதி அதை வாங்கிக் கீழே வைத்தான்.

“இன்னிக்குப் போவாத.”

“கடன் இன்னும் தீரலய்யா.”

“நாளைக்குப் போ. இன்னிக்கு உக்காருமே.”

தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தான். அவள் கையை நீட்டினாள்.