ஐந்தாவது நட்சத்திரம்

என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. செய்யாவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. ஊரிலுள்ள ஆஸ்பத்திரி எல்லாம் ஏறி இறங்கினோம். எல்லாரும் தேனொழுகப் பேசினார்கள். “கிட்னி வேற வீக்கா இருக்கும்மா, மாத்திரையிலயே பாத்துக்கலாம்” என்றார்கள். கத்தியை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை.

ஏன் என்று எனக்கு விளக்கியவள் என் நாத்தனார். பொருளாதாரம் படித்தவள், சுகாதாரத் துறையில் பெரிய பதவி. பஸ் ஓட்டி அவளைப் படிக்கவைத்தவர் இவர்தான். தலை நரைத்த பிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

ஆஸ்பத்திரி வாசலில் பித்தளை நட்சத்திரம் பதிக்கும் திட்டம் அவளுடையது. ஆபரேஷன் செய்தவர்களில் எவ்வளவு குறைவாகச் சாகிறார்களோ அவ்வளவு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு ஏற்ப அரசாங்கப் பணம். கைராசியில்லாத டாக்டர்களிடம் ஜனங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதை நான் மறுக்கவில்லை.

“பொழைக்கிற நோயாளியா பாத்துப் பொறுக்குறாங்க அண்ணி. அண்ணன் டேபிள்ல செத்தா அவங்களுக்கு நட்சத்திரம் போயிடும். அந்த எடத்துல யார் இருந்தாலும் இதத்தான் செய்வாங்க.”

“இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியாதா?”

“தெரியும். அதனாலதான் ரொம்ப மோசமான கேஸுக்குக் கணக்குல சலுகை வெச்சிருந்தோம். அப்புறம் பாத்தா, எல்லா ஆஸ்பத்திரியும் எல்லா நோயாளியையும் ரொம்ப மோசம்னே எழுதிச்சு. நான்தான் அந்தச் சலுகைய எடுத்தேன்.”

மருந்துக் கவரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினாள். வீடு பற்றி எரியும்போது நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்று பாடம் நடத்துகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கோடு போட்டது போதும், எந்திரிச்சு வா” என்று இழுத்துக்கொண்டு, நாலு நட்சத்திரம் பதித்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் போனேன்.

“எங்க அண்ணன மட்டும் கணக்குல சேக்க வேண்டாம். நான் எழுதித் தரேன்” என்றாள் அவரிடம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “மேடம், ஒருத்தருக்குக் கதவத் திறந்தா ஊரே நுழையும்னு மீட்டிங்ல சொன்னதே நீங்கதானே? எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஒரு நட்சத்திரம் போனா டயாலிசிஸ் வார்ட மூடணும். அங்க படுத்திருக்கிறவங்களும் யாருக்கோ அண்ணன்தானே?”

அழுதிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். காலில் விழுந்திருந்தாலும் நானும் சேர்ந்து விழுந்திருப்பேன். அவள் தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதுபோல ஆட்டினாள். அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

வீட்டில் இவர் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார். “பாப்பா போனா காரியம் ஆகும்னு சொன்னேனா இல்லையா?” என்றார் என்னிடம். அவள்தான் அவர் காலருகே உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

இவர் மூச்சு வாங்கச் சிரித்தார். “வண்டிய நேரத்துக்குக் கொண்டுபோனா போனஸ்னு ஒரு வருஷம் சொன்னாங்கல்ல? அந்த வருஷம் பூரா, ஏறுறதுக்கு நேரமாகும்னு, கைகாட்டின கெழவிங்களுக்கு நான் வண்டிய நிறுத்தவே இல்ல பாப்பா. அந்தப் பணத்துலதான் உனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். டாக்டர ஏன் திட்டணும்?”

அப்போதுதான் அவள் உடைந்தாள். அவர் காலைக் கட்டிக்கொண்டு கேவினாள். இவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது, இனி இவருக்காகச் சண்டைபோட ஆளில்லை என்ற பயம்தான் வந்தது.

இவர் வீட்டிலேயே போனார். ஆபரேஷன் நடக்கவில்லை, அதனால் அந்தச் சாவு எந்த ஆஸ்பத்திரி கணக்கிலும் ஏறவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஏணி போட்டு ஓர் ஆள் ஐந்தாவது நட்சத்திரத்தைப் பதித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, அங்கருந்து பாத்துச் சொல்லுங்க, நேரா இருக்கா?”

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“நேராத்தான் இருக்கு” என்றேன்.