லாரஸின் ஒப்புதல்

யோக்யா நகரத்தில் உள்ள எங்கள் கல்லூரியில் கலைக் கல்வி முதுகலை ஆய்வேட்டில் பிறர் வரைந்த படம் இருந்தால், வரைந்தவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். என் ஏட்டில் குழந்தைகளுக்கு நிறங்களைக் கற்பிக்கும் பன்னிரண்டு படங்கள் உண்டு. என் மனைவி லாரஸ் வரைந்தவை. அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது.

அலுவலக எழுத்தர் பாக் சுகிர்னோவுக்கு அது தெரியாது. நான் அவரை 'பாக்', அதாவது ஐயா, என்பேன்; அவர் என்னை 'மாஸ்', அதாவது அண்ணன், என்பார். மூன்று வாரமாகக் கையெழுத்தைக் கேட்கிறார். நான் "பெலும்" என்பேன். இன்னும் இல்லை என்று பொருள். எங்கள் ஊரில் யாரும் வெறுமனே "இல்லை" என்பதில்லை. கல்யாணமே ஆகாத கிழவர்கூட "பெலும்" என்றுதான் சொல்வார்.

இன்று கடைசி நாள்.

"என்ன மாஸ், வீட்டுல சண்டையா? சூடா ஒரு மார்தபாக் வாங்கிட்டுப் போங்க. பத்து கையெழுத்து போடுவாங்க."

சிரித்து வைத்தேன்.

"இன்னைக்கும் வரலைன்னா படத்தையெல்லாம் எடுத்துடணும். எப்பத் தருவாங்க?"

பெலும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அவ இல்ல, பாக். இறந்துட்டா."

அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்து என்னிடம் நீட்டினார்.

"புருஷன் போடலாம், மாஸ்."

அவள் பெயருக்கு மேலே என் கையெழுத்தைப் போட்டேன்.