அந்திக்கு வரும் பெயர்

தமிழ்க்குமரன் இறந்த நான்காவது மாதத்தில், அந்த வீட்டு வைஃபை அந்தியானால் திக்கத் தொடங்கியது. பகலெல்லாம் நன்றாக ஓடும். விளக்கு வைக்கும் நேரத்தில் இழுத்து இழுத்து நின்றுவிடும்.

அவன் மனைவி வெண்ணிலாவுக்கு அந்த நேரம்தான் பிழைப்பு. பாகூரை அடுத்து, கரும்புக்கொல்லை ஓரத்தில் இருந்த அந்த வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்காகப் பிள்ளைகளுக்குக் கணினி வழியே கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாடம் அடிக்கடி அறுந்துபோகவே, வெள்ளிக்கிழமை வகுப்பை மேலாளரே கவனிப்பார், அதுவும் அறுந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். குத்தகைக் கரும்பும் தமிழ்க்குமரனோடு போனபின், அவளையும் மாமியார் கஸ்தூரியையும் காப்பாற்ற வேறு வருமானம் கிடையாது.

வில்லியனூரிலிருந்து வந்த கேபிள்காரன் புகழ்வேந்தன் ஒயரை மாற்றினான், அடாப்டரை மாற்றினான், பீரோ மேலிருந்த ரவுட்டரை இறக்கி ஜன்னலருகே வைத்தான். "நான் வந்தா மட்டும் நல்லா ஓடுதுக்கா. என்னப் பாத்து பயப்படுது போல" என்று சிரித்தான். போகும்போது, இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணினியில் பார்க்கும் வழியைக் காட்டிக்கொடுத்தான்.

அன்று சாயங்காலம் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தாள். அவளுடைய கணினியும் போனும் மட்டுமே இருந்தன. கொல்லையில் வெளிச்சம் மங்கியது. மூன்றாவதாக ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது.

தமிழ்க்குமரன்.

அவனே தன் போனுக்கு வைத்த பெயர். அவன் போனதிலிருந்து அந்தப் போனையும் காணவில்லை. அவனோடு சிதையில் எரிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெண்ணிலா ரவுட்டரை அணைத்தாள். மறுபடி போட்டபோது பெயரும் மறுபடி வந்தது.

மாமியாரிடம் சொன்னாள். கஸ்தூரி திடுக்கிடவில்லை.

"வயல்லேருந்து அவன் வர்ற நேரம்டி அது. பின்செவுத்தாண்ட கொரலு கேக்குது. தெனம் கேக்குறேன். சொன்னா பயந்துடுவியேன்னு ஒங்கிட்ட சொல்லல."

கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் அந்தப் பெயர் திரும்ப வராது என்று வெண்ணிலாவுக்குத் தெரியும். மாற்ற உட்கார்ந்தும் விட்டாள். அவன் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்துவது போல் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, வகுப்புக்குச் சற்று முன்பே பெயர் வந்துவிட்டது. திரையில் மேலாளரின் முகம் பாதியில் உறைந்தது. பின்சுவருக்கு அப்பால் தணிந்த குரலில் யாரோ பேசினார்கள். அவள் சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

சுவரோரம் தமிழ்க்குமரனின் நீலக் கட்டம் போட்ட சட்டை உட்கார்ந்திருந்தது.

சட்டை திரும்பியது. போன் வெளிச்சத்தில் தெரிந்தது முத்துசாமியின் முகம். அவர்கள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். பாடைக்குத் தோள் கொடுத்தவர்.

இறந்தவரின் துணிமணிகளை அவரோடு பாடுபட்டவருக்குக் கருமாதியன்று கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நாத்தனார் தனக்கொடி மூட்டை கட்டும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்க்கவில்லை. வாங்கியவரும் அதிலிருந்த போனைப் பற்றிக் கேட்கவில்லை. இறந்தவர் பேரில் கொடுத்ததைப் பற்றிக் கேள்வி கேட்பது ஆகாது.

"எஞ்சிம்முதாம்மா போட்டன். நெட்டுக்குக் காசு போடல. இங்க ஒக்காந்தா தானா வருது. பொண்ணு போன மாசந்தான் குவைத்துக்கு வூட்டு வேலைக்குப் போச்சு, இந்த நேரந்தான் அதுக்கு ஓய்வு" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். இணைப்பு கிடைத்த ஒவ்வொரு அந்தியிலும் அந்தப் போன், தமிழ்க்குமரன் எடுத்த படங்களையெல்லாம் இணையச் சேமிப்பில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தது. கரும்பு, மழை, தேர், அவள். லைனை அடைத்தது அதுதான். அவனுடைய படங்களை நிறுத்திவைக்க ஒரு விரல் போதும். அதற்கு அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. நிறுத்தினாள். போனை அவர் கையிலேயே வைத்தாள்.

"குடுத்தது குடுத்ததுதான். நீங்க பேசுங்க."

திரும்பினால், கஸ்தூரி கதவருகே நின்றிருந்தாள். மகனின் சட்டையையும் அதிலிருந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். தினமும் அவள் கேட்ட குரல் யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு வெண்ணிலா உள்ளே ஓடினாள்.

மேலாளரின் முகம் அசைந்தது. பிள்ளைகள் வந்தார்கள். பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தபடியே அவள் பின்கட்டின் அமைதிக்குக் காதைக் கொடுத்திருந்தாள்.

பிறகு மாமியாரின் குரல் வந்தது. "கொசுவுல ஏன் ஒக்காந்துகினு? உள்ள வந்து பேசு."

எத்தனையோ பட்டம் கரும்பு வெட்டியும் முத்துசாமி அந்தப் பின்வாசலைத் தாண்டியதில்லை. தயங்கிய காலடிகள் உள்ளே வந்தன. போனிலிருந்து ஒரு பெண் குரல், "யாருப்பா, பெரியம்மாவா? சாப்ட்டீங்களா பெரியம்மா?" என்றது.

அந்த நேரத்தில் வெண்ணிலா எப்போதும் பாடத்தில் இருப்பாள். கஸ்தூரியை அப்படிக் கேட்க மகன் போன பிறகு ஆளில்லை.

"இல்லடி" என்றாள் கஸ்தூரி. "இனிமேதான்."

வகுப்பு கடைசிவரை அறுபடவில்லை.