இரண்டு கோணலும் ஒரே பக்கம்

கல்வி அலுவலகத்துக்கு ஞானோதயம் வருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஆதிகால மனிதர்கள் வட்டமாக நட்டுவைத்த காலனிஷ் கற்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியை சோனக்குக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. நிலாவின் பதினெட்டரை ஆண்டுச் சுற்றைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். மகிழ்ச்சியாக விளக்க வேண்டும். எண்களைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் லாக்கார்ட் என்கிற அதிகாரி கப்பலேறி வந்து பார்வையிடுவார்.

பதினெட்டரையை எண் இல்லாமல் எப்படிச் சொல்வது என்பதை மட்டும் ஆசிரியரின் கற்பனைக்குப் பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை சோனக் விளையாட்டு வளையத்தை எடுத்துக்கொண்டு, ஊஷ்ஜன் என்கிற பையனை வகுப்பின் நடுவில் நிறுத்தினாள்.

"நீதான் பூமி. கொஞ்சம் கோணலா நில்லு."

"நான் எப்பவும் அப்படித்தானே மிஸ் நிப்பேன்?"

உண்மைதான். அவன் இடுப்பைச் சுற்றி வளையத்தைச் சாய்த்துப் பிடித்தாள். "இது நிலா நடக்கிற பாதை. மாசம் ஒரு தடவை இதுல சுத்தி வந்துடும். பாதையும் கோணல்தான். அந்தக் கோணல் ஒரே பக்கமா நிக்காது, மெதுவா, ரொம்ப மெதுவா, திரும்பிக்கிட்டே இருக்கும்."

"எவ்வளவு மெதுவா?" என்றாள் பேஹக். ஆறு வயது, கேள்வியை விட்டால் அவளிடம் வேறு சொத்து கிடையாது.

சோனக் சுற்றறிக்கையைக் காற்றில் பறக்கவிட்டாள். "ஒரு முழுச் சுத்துக்குப் பதினெட்டு வருஷம், ஏழு மாசம்."

யாரும் பயப்படவில்லை.

"பூமியோட கோணலும் பாதையோட கோணலும் ஒரே பக்கம் சேர்ந்துட்டா, நிலா மாசத்துல ஒருநாள் ரொம்பத் தாழ வந்துடும். நம்ம தெக்கு மலை மேல உரசிக்கிட்டே போகும். இந்த வருஷம் தொடங்கி ஒண்ணு ரெண்டு வருஷம் அப்படி. அப்புறம் ரெண்டும் எதிரெதிரா கோணிக்கும். நிலா அவ்வளவு தாழ வராது."

"இதுக்கு முன்னாடி வந்தப்ப நீங்க பார்த்தீங்களா மிஸ்?"

"இல்ல. அப்போ எனக்குப் பதினேழு வயசு. ஊர்ல எல்லாரும் பார்க்கப் போனாங்க. நான் ஒருத்தனோட நடனத்துக்குப் போயிட்டேன்."

"அவரு இப்ப எங்க?"

"கனடாவுல ஆடிட்டு இருப்பாரு. வளையத்தைப் பிடி."

வியாழக்கிழமை லாக்கார்ட் பளபளக்கும் புது மழைக்கோட்டில் வந்து இறங்கினார். அக்டோபர் மாதம், ஆறரை மணி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கற்களின் அருகே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவர்களுக்கு எதிரே நின்று உரையைத் தொடங்கினார். நம் முன்னோர், நம் மரபு, நம் அலுவலகத்தின் தொலைநோக்கு. தொலைநோக்கு என்று அவர் சொன்ன நேரத்தில்தான் அவர் முதுகுக்குப் பின்னால் மேகம் விலகியது.

அரை நிலா. மஞ்சளாக, பெரிதாக, மலை முகட்டின் மேல் ஒரு விரல்கூட உயராமல் ஊர்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தம் பேச்சின் பலன் என்று நினைத்து லாக்கார்ட் குரலை உயர்த்தினார்.

"சார்," என்றாள் சோனக்.

"ஒரு நிமிஷம் மேடம், முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்."

அவள் பிறகு கூப்பிடவில்லை. எத்தனையோ வருடமாக அந்த நடனத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டவள், இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மலையில் ஒரு பாறை நிலாவின் அடிவிளிம்பைக் கடித்தது, விட்டது. பேஹக் அவள் கைக்குள் தன் கையை நுழைத்தாள்.

உரை முடிந்தபோது மேகம் மூடிவிட்டது. லாக்கார்ட் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

"அடடா, இன்னிக்கு நிலா வரல போலிருக்கே. பரவாயில்ல பிள்ளைகளா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அடுத்த மாசம் வரும். இந்த ஒண்ணு ரெண்டு வருஷத்தையும் விட்டுட்டா அப்புறம் ரொம்ப வருஷம் ஆகும்," என்றாள் பேஹக். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதுவரைக்கும் நீங்க இருப்பீங்களா?"

கண்டிக்க வேண்டிய சோனக், ஊஷ்ஜனின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவதில் மும்முரமாக இருந்தாள். அந்தப் பொத்தான் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.