சந்திரகாந்தியின் அகலம்

சனிக்கிழமை காலை பதுளை பஸ்ஸில் வந்த பேனர்ச் சுருளைத் தன் கம்ப்யூட்டர் கடைக்குள் கொண்டுபோய் விரித்ததும் அஞ்சலின் கடைக் கதவைச் சாத்தினாள். பேனரில் சிரித்துக்கொண்டிருந்தது யாரோ ஒரு ஒல்லிக்குச்சி. சேலை சந்திரகாந்தி பெரியம்மாவுடையது, மூக்குத்தியும் அவருடையது. உள்ளே இருந்த ஆளைத்தான் யாரோ ஆறு மாதம் பட்டினி போட்டிருந்தார்கள்.

சந்திரகாந்தியைத் தெரியாதவர்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இல்லை. வாட்டசாட்டமான மனுஷி. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வு பெறுகிறார். இதுவரை தோட்டத்தை நடத்தும் தொரைக்குப் பேனர் கட்டியிருக்கிறார்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்குக் கட்டியிருக்கிறார்கள், வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் கட்டியிருக்கிறார்கள். கொழுந்து பறித்த ஒருத்திக்கு யாரும் கட்டியதில்லை. அவரோடு மலையில் நின்ற பெண்கள் சேர்ந்து, அவருக்குத் தெரியாமல், நாளை கோயில் மண்டபத்தில் விருந்தும் பேனருமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்தப் படத்தைக் கட்டினால் தோட்டமே சிரிக்கும். அஞ்சலினைப் பார்த்துச் சிரித்தால் போகட்டும், கடை வைத்தவள் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சிரிப்பு பெரியம்மாவைப் பார்த்தல்லவா வரும்!

போனில் சிக்னல் கிடைப்பது மேலே தண்ணீர்த் தாங்கிப் பக்கம் மட்டுந்தான். மூச்சிரைக்க ஏறிப் போய், பதுளையில் பேனர் அடித்த நௌபரைக் கூப்பிட்டாள்.

"நீங்க அனுப்பினததான் தங்கச்சி நான் அடிச்சது. அந்த அம்மாவ நான் கண்டிருக்கேனா?" என்றார் அவர். "மூணு மணிக்குள்ள சரியான படம் அனுப்புங்க, கடைசி பஸ்ல போட்டு விடுறேன். பிறகு எனக்கு ஒரு கல்யாண வீடு இருக்கு."

முன்பு திறக்காமலே அனுப்பிய படத்தை அங்கேயே போனில் திறந்து பார்த்தாள். ஒல்லி. கீழே இறங்கிக் கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்தாள். சந்திரகாந்தி, நூற்றுக்கு நூறு சந்திரகாந்தி. அப்படியானால் பொய் சொல்வது திரை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்தே திரையில் எல்லாம் சப்பையாகத்தான் இருந்தது. பெரியம்மாவின் படமும் அகலமாகத் தெரிய, பாழாய்ப் போன போன் கேமராவைத் திட்டிவிட்டு, கண்ணுக்குச் சரியாகும்வரை இரண்டு பக்கமும் இழுத்துச் சுருக்கியவள் அவளேதான். தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? இடி முழங்கியது, அவ்வளவுதான். லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்தக் காம்பரா வீடுகளில், முதல் இடி கேட்டால் எல்லா பிளக்கும் சுவரிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும், யார் வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு அஞ்சலின் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸுக்குப் புதுப்பிப்பைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தாள்.

"அப்பா, நீங்க பிடுங்குறப்போ ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சு?"

"என்னமோ எழுத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு புள்ள," என்றார் அற்புதராஜ் பெருமையாக. "நா பிடுங்கலன்னா ஒன் கம்ப்யூட்டரு கருகியிருக்கும்."

கம்ப்யூட்டரைக் காப்பாற்றியவர் இண்டர்நெட் பெட்டியை மறந்துவிட்டார். அது அன்றே கருகிவிட்டது. ஆகவே வைத்தியம் மேலே, நோயாளி கீழே. தாங்கியடியில் நின்று போனில் தேடி, கட்டளைகளைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு இறங்கி, தட்டிப் பார்த்து, வந்த பதிலை எழுதிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும்.

முதல் தடவை இறங்கி, திரைக்கு என்னென்ன அளவுகள் தெரியும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டாள். ஒரே ஓர் அளவைச் சொன்னது. அதுவும் பழைய சதுர டிவி காலத்து அளவு. அகலத் திரை அதைத்தான் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை, திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை ஓட்டுவது எந்த டிரைவர் மென்பொருள் என்று கேட்டாள். எதுவுமில்லை என்றது. கார்டு இருக்கிறது, ஓட்ட ஆளில்லை.

மூன்றாவது தடவை ஏறும்போது, தாங்கிக்குக் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து சந்திரகாந்தியே குரல் கொடுத்தார்.

"என்னடி, ஏறி ஏறி எறங்குற? யாரு அவன்? சிக்னல் இருக்கிற ஊர்ல ஒருத்தனப் பாத்திருக்கக் கூடாதா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். காலையிலேயே அஞ்சலினிடம் பேனர் கதையைக் கேட்டிருந்த பிரஷாந்தினி மட்டும் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அவன் பேரு டிரைவரு பெரியம்மா, ஆளக் காணோம்!" என்று கத்திவிட்டு ஏறினாள் அஞ்சலின். மணி ஒன்றரை. மூன்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரந்தான்.

அந்தத் தடவைதான் விடை கிடைத்தது. புதுப்பிப்பின்போது டிரைவர் வந்து சேர்ந்துவிட்டது, பொருத்தும் வேலை பாதியில் அறுந்திருக்கிறது. விட்ட இடத்திலிருந்து முடி என்று சொல்ல ஒற்றை வரி போதும். எழுதிக்கொண்டு சறுக்கி இறங்கித் தட்டினாள். எழுத்துகள் ஓடத் தொடங்கின. வெளியே வானம் லேசாக உறுமியது. அப்பா நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"அப்பா, அந்தப் பிளக்குல கை வச்சீங்கன்னா நா மனுசியா இருக்க மாட்டேன்!"

"இடி புள்ள..."

"இடி விழுந்தா என் தலையில விழட்டும்!"

எழுத்து நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். திரை ஒரு கணம் கறுத்து, பிறகு இந்த மூலை முதல் அந்த மூலை வரை பளிச்சென்று விரிந்தது. அஞ்சலின் கூச்சலே போட்டுவிட்டாள். படம் இப்போது ஒல்லியாகத் தெரிந்தது, அதாவது உண்மையைச் சொன்னது. அகலத்தைத் திருப்பிக் கொடுத்து, போனில் ஏற்றி, மறுபடியும் மேலே ஓடி, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்க அனுப்பிவிட்டுத் தாங்கியடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் சந்திரகாந்தி தன்னைத்தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "அடியாத்தே, இம்புட்டுப் பெருசாவா!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அஞ்சலினுக்கு ஏறிய ஏற்றமெல்லாம் மறந்துபோனது.

சமையல் பக்கமிருந்துதான் வில்லங்கம் வந்தது. பழைய பேனர் என்றால் லயத்தில் கூரைக்கோ விறகுக்கோ போர்த்துவது வழக்கம். தூறல் விழவே அற்புதராஜ் கடையிலிருந்த ஒல்லிக்குச்சியைக் கொண்டுவந்து விறகின்மேல் விரித்துவிட்டார். விறகெடுக்கப் போன சந்திரகாந்தியின் புருஷன் தம்பையா அதன்முன் கல்லாய் நின்றார். விறகை எடுக்கவில்லை. பேனரை உருவி, தோள் துண்டால் ஈரத்தைத் துடைத்தார்.

அஞ்சலின் பதறியடித்து ஓடினாள். "பெரியப்பா, அது என் பிழை, ஸ்கிரீன் சரியில்லாம..."

"இந்தா, இங்க வா," என்று அவர் மனைவியைக் கூப்பிட்டார். "கட்டிக்கிட்டு வந்தப்போ நீ இப்படித்தான் இருந்த. நரை மட்டுந்தான் கூட."

சந்திரகாந்தி கிட்டே வந்து பார்த்தார். கல்யாணத்தன்று போட்டோ எடுக்க ஆளில்லை. முதன்முதலில் அவரைப் படம் பிடித்தது அடையாள அட்டைக்கு, அதுவும் மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு. பேனரில் இருந்தவளின் கன்னத்தை அவர் விரலால் தொட்டார்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா," என்றாள் அஞ்சலின். "இத நா கிழிச்சுப் போட்டுர்றேன்."

"ஏன்டி கிழிக்கிற?" சந்திரகாந்தி பேனரை அவசரமாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அங்க கட்டியிருக்கிறது ஊருக்கு. இது எங்க காம்பராவுக்கு."